ஷர்மின் பேரில் சொன்ன பதில்

வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு, பார்வையாளர் நேரத்தில், ஞானபாக்கியம் அரசு ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டுக்குள் நுழைவாள். ஒரு கையில் கஞ்சித் தூக்கு. தோளில் துணிப்பை. அதற்குள் சீப்பு, தேங்காய் எண்ணெய், நகவெட்டி, பழைய வேட்டியைக் கிழித்து வைத்த துண்டுகள். துணைக்கு ஆள் இல்லாத நோயாளி யார் என்று நர்சிடம் கேட்டுக்கொண்டு அந்தக் கட்டிலருகே போய் உட்காருவாள். தலை வாரிவிடுவாள், நகம் வெட்டிவிடுவாள். ஜெபம் பண்ணட்டுமா என்று ஒரே ஒரு தடவை கேட்பாள். வேண்டாம் என்றால் அந்தப் பேச்சை விட்டுவிட்டுக் கஞ்சியை ஊற்றுவாள்.

ஏழு வருஷமாகத் தேனி லூத்தரன் சபைக்காக அவள் இதைச் செய்துவந்தாள். சபையில் நாற்பது குடும்பங்கள்தான். பாதிப் பேர் கடை வைத்திருப்பவர்கள், ஞாயிறு ஆராதனை முடிந்தவுடன் கடையைத் திறக்க ஓடுகிறவர்கள். அதனால் வாரநாட்களின் வேலை ஐந்தாறு பெண்கள் தலையில்தான் விழும். செவ்வாய்க்கிழமை வீட்டு ஜெபம், புதன் பெண்கள் சங்கம், வெள்ளி உபவாச ஜெபம், சனிக்கிழமை பீடத்து விரிப்பை இஸ்திரி போட்டு விரிப்பது. எல்லாவற்றிலும் ஞானபாக்கியம் இருப்பாள். ஆனால் வியாழக்கிழமை முழுக்க அவளுடையது. அந்த வேலைக்குக் கூட வந்த பெண்கள் ஒன்றிரண்டு வாரத்தில் நின்றுவிட்டார்கள். ஆஸ்பத்திரி வாடை ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள்.

அவளுக்கு அந்த வாடை பழகியது. ஒரு தனியார் நர்சிங் ஹோமில் இருபத்தாறு வருஷம் ஆயாவாக இருந்தவள். கணவர் வைகுண்டராஜ் போடி பஜாரில் ஒரு பாத்திரக் கடையில் விற்பனைக்கு நின்றவர், மாரடைப்பில் போய்விட்டார். மகள் ஜெஸ்லின் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். ஐம்பத்தெட்டு வயதில் ஞானபாக்கியத்திடம் நேரம் நிறைய இருந்தது. செத்துப்போகிறவர்களின் பக்கத்தில் உட்காரப் பயம் இல்லை. அந்தப் பயமில்லாமைதான் தன்னிடம் உள்ள ஒரே வரம் என்று அவள் நினைத்திருந்தாள்.

போன ஆடி மாதம் அது போயிற்று.

அன்றைக்குக் காற்று வார்டு ஜன்னல்களைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. பதினாலாம் கட்டிலில் ஒரு வயதான அம்மா கிடந்தார்கள். மூன்று நாளைக்கு முன் பேருந்து நிலையத்தில் மயங்கி விழுந்து, ஆம்புலன்சில் வந்தவர்கள். கையில் பை இல்லை, போன் இல்லை. சர்க்கரை ஏறி, நுரையீரலிலும் நீர் கோத்திருந்தது.

"பேரு கேட்டா சொல்ல மாட்டேங்கிறாக, பாக்கியக்கா," என்றாள் நர்ஸ். "உத்தமபாளையம் பஸ் போயிருச்சான்னு மட்டும் கேக்குறாக."

ஞானபாக்கியம் எண்ணெய் தொட்டுத் தலை வாரிவிட்டாள். முடி முழுக்க வெள்ளை, நல்ல நீளம். வாரிக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மா கண்ணைத் திறந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார்கள். சாகப்போகிறவர்களின் கைக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று தெரிந்தவள்தான். ஆனாலும் வலித்தது.

"ஷர்மினு," என்றார்கள். "கதவத் தொறந்துட்டேன். உள்ள வா."

இப்படி ஆள் மாற்றிக் கூப்பிடுவது வார்டில் புதிதல்ல. ஞானபாக்கியம் எத்தனையோ பேருக்கு அக்காவாக, தங்கச்சியாக இருந்திருக்கிறாள்.

"வந்துட்டேம்மா," என்றாள்.

"வெயில்ல நின்னியா?"

"இல்லம்மா. நெழல்லதான் நின்னேன்."

அந்த அம்மாவின் மூச்சு ஒரு நிமிஷம் தடுமாறியது. பிறகு, வார்த்தை வார்த்தையாக, "என்னய மன்னிச்சுட்டியா?" என்று கேட்டார்கள்.

இதற்கு முன் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. ஞானபாக்கியம் அந்த முகத்தைப் பார்த்தாள். இன்னும் அரைமணி நேரம்கூட இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

"மன்னிச்சுட்டேம்மா."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

பிடி தளர்ந்தது. முகம் தெளிந்தது. பார்வையாளர் நேரம் முடிகிறது என்று மணி அடிப்பதற்குள் அந்த அம்மா போய்விட்டார்கள்.

உத்தமபாளையம் என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு போலீஸ் அந்த ஊர்ப் பள்ளிவாசலில் விசாரித்தது. மறுநாளே ஜமாத்திலிருந்து ஷரீப் என்பவர் வேன் எடுத்துக்கொண்டு வந்தார். இறந்தவர்கள் பெயர் சுல்தான் பீவி என்றும், ராஜா முகம்மது ராவுத்தரின் மனைவி என்றும், மகன் வெளிநாட்டில் என்றும் அவர் சொல்லித்தான் தெரிந்தது. ஞானபாக்கியமும் பிணவறை வாசலுக்குப் போயிருந்தாள்.

"மக ஒருத்தர் இருக்காகல்ல?" என்று கேட்டாள்.

"இருக்கு. கம்பத்துல தையக்கடை வச்சிருக்கு. ஆளு போய்ச் சொல்லியாச்சு. வரலைன்னுருச்சு." ஷரீப் தலையைக் குனிந்துகொண்டார். "அது பழைய வெவகாரங்க. கடைசி நேரத்துல பக்கத்துல நீங்க இருந்தீகன்னு நர்ஸ் சொன்னாக. அல்லா உங்களுக்கு நல்லது செய்வான்."

வேன் கிளம்பிப் போனது. மகள் தாயின் உடலைப் பார்க்கக்கூட வரவில்லை. அந்த மகள் மன்னித்துவிட்டதாகத் தான் சொல்லிவிட்டோம் என்பது அப்போதுதான் ஞானபாக்கியத்துக்கு உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எல்லோரும் முழங்காலில் நின்று பாவ அறிக்கை சொன்னார்கள். போதகர் ஜெபராஜ் பீடத்திலிருந்து சபையைப் பார்த்துத் திரும்பினார். ஆண்டவரின் பெயரால் மன்னிப்பை அறிவித்தார். ஞானபாக்கியம் பிள்ளைப் பிராயத்திலிருந்து கேட்டுவரும் வார்த்தைகள். ஆமென் சொல்ல வாய் எடுத்தாள்.

"நெசமாவா?" என்றது ஒரு குரல், காதுக்கு மிக அருகில்.

திரும்பிப் பார்த்தாள். பின் பெஞ்சு காலியாக இருந்தது. அதற்கும் பின்னால் பெண்கள் சங்கத்துப் பவுனு கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். சபை ஆமென் சொல்லி முடித்து எழுந்துவிட்டது.

அதற்குப் பிறகு அந்தக் குரல் அவளை விடவில்லை. பயமுறுத்துகிற குரல் இல்லை. நல்ல வெளிச்சத்தில்தான் வரும். ஏதாவது ஒரு சத்தம் நிற்கும் இடைவெளியில் வரும். மிக்ஸி நின்றதும் வரும். பேருந்து நிறுத்தத்தில் டிரைவர் என்ஜினை அணைத்ததும் வரும். சனிக்கிழமை பீடத்தின் பச்சை விரிப்பை இஸ்திரி போடும்போது, பெட்டியைத் தூக்கிய அந்த நொடியில், நெசமாவா என்று கேட்கும். கோபமோ அழுகையோ இல்லாமல், சந்தேகம் தீராத ஒருவர் மறுபடியும் உறுதிப்படுத்திக்கொள்ளக் கேட்பதுபோல இருக்கும்.

வார்டில் பதினாலாம் கட்டில் பக்கம் அவள் போவதில்லை. வேறு கட்டிலில் உட்கார்ந்து தலை வாரினாலும், சீப்பைப் பார்த்தால் நீளமாய் ஒரு வெள்ளை முடி சுற்றியிருக்கும். வார்டில் இருப்பவர்கள் பாதிப் பேர் நரைத்தவர்கள், அது யார் முடியாகவும் இருக்கலாம். அந்தச் சீப்பைத் தூரப் போட்டுவிட்டுப் புதிது வாங்கினாள். மூன்றாம் வாரம் முப்பது வயதுப் பெண் ஒருத்திக்கு வாரிவிட்டு எழுந்தபோது, புதுச் சீப்பிலும் அது இருந்தது. அன்றைக்குக் கஞ்சி ஊற்றாமலே வீடு வந்து சேர்ந்தாள்.

ஜெஸ்லின் போனில் கேட்டாள், "ஏம்மா பேச்சுக்கு நடுவுல நிறுத்திடுற?"

"நிறுத்தல. கேக்குறேன்."

"என்ன கேக்குற?"

சாப்பிட்டியா என்று கேட்டுப் பேச்சை மாற்றினாள்.

புரட்டாசியில் ஒரு நாள் போதகர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். ஜெபராஜ் இளவயசுக்காரர், பொறுமையாகக் கேட்கத் தெரிந்தவர்.

"அந்த அம்மா நிம்மதியாப் போனாகல்ல? நீங்க செஞ்சது இரக்கம், பாக்கியக்கா," என்றார். "நானும் வாராவாரம் இன்னொருத்தர் பேருலதான மன்னிப்பு சொல்றேன்?"

"உங்களுக்குச் சொல்லச் சொல்லி உத்தரவு இருக்கு, ஐயா. எனக்கு யாரு குடுத்தா? அந்தப் பொண்ணு குடுக்கலையே."

ஜெபராஜ் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். பிறகு, "அப்ப அந்தப் பொண்ணுகிட்டதான் போயிச் சொல்லணும்," என்றார். சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாமோ என்பதுபோல அவர் முகம் மாறியது.

அந்த வாரமே அவள் கம்பம் பஸ் ஏறினாள். சின்னமனூர் தாண்டி, உத்தமபாளையம் தாண்டி, அனுமந்தன்பட்டியில் பஸ் நின்றபோது வழக்கம்போலக் குரல் கேட்டது. கேளு, அங்கன போயிக் கேளு என்று மனதுக்குள் பதில் சொன்னாள்.

கம்பத்தில் கடையைத் தேடி அலையவே வேண்டியிருக்கவில்லை. பள்ளிவாசல் தெருவுக்கு அடுத்த சந்தில் சின்னப் பலகை தொங்கியது. ஷர்மின் தையலகம். உள்ளே முப்பத்தேழு, முப்பத்தெட்டு வயதிருக்கும் ஒரு பெண் மெஷினில் இருந்தாள். முக்காட்டைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டிருந்தாள். தாயின் அதே நெற்றி.

"வாங்கம்மா. பிளவுசா?"

"இல்ல தாயி. நான் தேனியில இருந்து வாரேன். லூத்தரன் கோயில்."

அந்தப் பெண்ணின் முகம் இறுகியது. "நோட்டீஸ் எதுவும் வேணாம்மா."

"அதுக்கு வரல. உங்க அம்மா போனப்ப பக்கத்துல இருந்தவ நான்."

மெஷின் நின்றது. ஞானபாக்கியம் நின்றபடியே சொன்னாள். கட்டில் எண், காற்று, தலை வாரியது, கையைப் பிடித்தது, ஒன்றையும் விடவில்லை. "ஷர்மினு, கதவத் தொறந்துட்டேன், உள்ள வான்னாக. நான் உன் எடத்துல நின்னு வந்துட்டேம்மான்னேன். மன்னிச்சுட்டியான்னு கேட்டாக. மன்னிச்சுட்டேன்னு உன் பேருல சொல்லிட்டேன், ஷர்மினு. சொல்ல எனக்கு உரிமையில்ல. அதச் சொல்லத்தான் வந்தேன்."

அந்தப் பெண் தைத்துக்கொண்டிருந்த துணியைக் கையால் தடவித் தடவி மடிப்பு எடுத்தாள்.

"என் பேரு ஷாஜியா," என்றாள். "ஷர்மினு என் பிள்ள. பத்து மாசத்துல போயிட்டா."

ஞானபாக்கியம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். ஷாஜியா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். உபசாரமாக இல்லை, விழுந்துவிடப் போகிறாளே என்று. பிறகு வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

பதினேழு வருஷத்துக்கு முன்னால், புருஷன் வீட்டில் அடி தாங்காமல் இரண்டு தடவை தாய் வீட்டுக்கு வந்திருக்கிறாள். இரண்டு தடவையும் அவளுடைய அத்தா, தகப்பனார், சமாதானம் பேசித் திருப்பி அனுப்பினார். "மூணாவது தடவ வந்தா கதவு தொறக்கக் கூடாதுன்னு அத்தா சொல்லிட்டாக. அண்ணனுக்கு நிக்காஹ் முடிஞ்ச வாரம். சித்திர மாசம், உச்சி வெயிலு. ஷர்மினுக்குக் காய்ச்சல், தோள்ல போட்டுட்டு வந்தேன். கதவத் தட்டுனேன். கதவுக்கு அடியில ரெண்டு காலு தெரிஞ்சுச்சு. நிக்காஹுக்கு வச்ச மருதாணி போகல. அம்மா கதவுக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டே இருந்தாக. தொறக்கல. நானும் நின்னேன். பெறகு பஸ் ஏறித் திரும்பிப் போயிட்டேன். நாலாம் நாளு பிள்ள போயிருச்சு."

"ஆத்தா," என்றாள் ஞானபாக்கியம். 

"எங்கிட்ட மன்னிப்புக் கேட்டு அவுக ஆள் விட்டாக. வருஷா வருஷம். நான் குடுக்கல. சாகுறப்ப எங்கிட்டக் கேக்கல பாருங்க. அவகிட்டக் கேட்டிருக்காக." ஷாஜியா முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களும் அவ பேருல குடுத்துட்டீக. இனி நான் குடுக்காம வச்சிருந்து என்ன?"

 உயிரோடு இருக்கும் ஒருத்தியின் சொல்லைத்தான் எடுத்துவிட்டோம் என்று ஞானபாக்கியம் நினைத்து வந்திருந்தாள். திருப்பிக் கொடுக்கவாவது ஆள் இருக்கும் என்று நம்பியிருந்தாள். பேச்சு வராத வயதில் போன குழந்தையின் பேரில் அல்லவா பேசியிருக்கிறோம்.

"போங்கம்மா," என்றாள் ஷாஜியா. குரலை உயர்த்தவில்லை.

ஞானபாக்கியம் பஸ் நிறுத்தத்தில் நின்றபோது ஷாஜியா வேகமாக நடந்து வந்தாள். கையில் நூல் கோத்த ஊசிகூட அப்படியே இருந்தது.

"அந்த வார்த்தைய அப்படியே சொல்லுங்க. ஷர்மினா நீங்க எப்படிச் சொன்னீகளோ அப்படி."

"வேணாம் தாயி."

"சொல்லுங்க. அவ பேசி நான் கேட்டதே இல்ல."

தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஞானபாக்கியம் மெல்ல, "மன்னிச்சுட்டேம்மா," என்றாள். ஷாஜியா கண்ணை மூடிக் கேட்டாள். போன் நம்பரை வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து ஆண்கள் சாப்பிட வீடு திரும்பும் நேரத்தில், போன் வந்தது. "சொல்லுங்க," என்றது ஷாஜியாவின் குரல். ஞானபாக்கியம் உபவாச ஜெபத்திலிருந்து எழுந்து கோயில் வாசலுக்கு வந்து அந்த ஒரு வார்த்தையைச் சொன்னாள். ஷாஜியா போனை வைத்துவிட்டாள். அதற்கு அடுத்த வெள்ளியும் வந்தது. ஐப்பசி முழுக்க வந்தது. அவளுடைய வாரத்தில் அதுவும் ஒரு வேலையாகச் சேர்ந்துகொண்டது. இனி வார்டில் யார் எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும், "நான் ஞானபாக்கியம், பக்கத்துல இருக்கேன்" என்று மட்டும்தான் சொல்வது என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். அப்படியே சொல்லியும் வந்தாள். மறுநாள் வெள்ளிக்கிழமையோ, செத்த குழந்தையின் வாயாக நின்று பேசினாள். பேசப் பேச அவள் குரலே மாறிக்கொண்டு வந்தது. ஒரு தடவை தன் வாயிலிருந்து வந்தது இத்துனூண்டு பிள்ளையின் குரலாக இருக்கவே, அந்த வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"யாரு போன்லக்கா?" என்று பவுனு கேட்டாள். "மொகமெல்லாம் வெளுத்திருக்கு."

"கம்பத்துல ஒரு பொண்ணு," என்றாள்.

கார்த்திகையில் ஒரு வெள்ளி, போனில் வழக்கமான "சொல்லுங்க" வரவில்லை. 

"அன்னைக்குத் திரும்பிப் போனேன்ல," என்றாள் ஷாஜியா. "பஸ் ஸ்டாண்டுல இருந்து பத்து நிமிஷ நடைதான் ஆஸ்பத்திரி. பிள்ளைக்குக் கொதிக்குது. அங்கன போகல நான். அம்மா மேல இருந்த கோவத்துல நேரா பஸ் ஏறிட்டேன். இத யாருகிட்டயும் சொன்னதில்ல. அவகிட்டக் கேட்டுச் சொல்லுங்க. என்னயும் மன்னிச்சுட்டாளான்னு."

வார்த்தை ஞானபாக்கியத்தின் நாக்கு நுனியில் இருந்தது. இரண்டு மாதமாகப் பழகிய வார்த்தை. சொல்லிவிட்டால் அந்தப் பெண் இன்றைக்கு நிம்மதியாகத் தூங்குவாள். நாளைக்கு நெசமாவா என்று கேட்பாள். அடுத்த வாரமும் கேட்பாள்.

"நான் ஷர்மினு இல்ல தாயி," என்றாள். "அவ என்ன சொல்லுவாள்னு எனக்குத் தெரியாது. நான் ஞானபாக்கியம்."

 மறுபக்கம் போன் வைக்கப்படவில்லை.

"கடையிலதான இருக்க? நான் பஸ் ஏறி வாரேன். இங்கன இருந்து ஒன்றரை மணி நேரம். போனை வச்சுடாத. வச்சாலும் பரவாயில்ல, வாரேன்."

ஜெபத்தைப் பாதியில் விட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, பவுனுவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். வழி நெடுகத் தூறல். கம்பத்தில் இறங்கி அவள் போய்ச் சேர்ந்தபோது ஷாஜியா மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். தைக்கவில்லை. ஞானபாக்கியம் ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. ஜெபம் பண்ணட்டுமா என்றும் கேட்கவில்லை. சாயங்காலம் ஆறு மணி பஸ்ஸுக்கு எழுந்தபோதுதான், "அடுத்த வாரமும் வருவீகளா?" என்று ஷாஜியா கேட்டாள்.

போகிறாள். உபவாச ஜெபத்துக்கு வராததைப் பற்றிச் சபையில் பேச்சு எழுந்தது. ஜெபராஜ் அதை வளரவிடவில்லை. குரல் நின்றுவிட்டதா என்று அவர் ஒரு தடவை தனியாகக் கேட்டார். இல்லை என்றாள். இப்போதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா என்று அதற்குப் பதில் சொல்லிவிடுகிறாளாம். அதைக் கேட்டுக் குரல் போவதும் இல்லை, அவள் பயப்படுவதும் முன்னைப்போல இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆமென் சொல்வதற்கு மட்டும் சபையைவிடச் சற்றுப் பிந்துகிறாள்.

மார்கழியில் ஒரு வெள்ளி, துணி வெட்டிக்கொண்டிருந்த ஷாஜியா தலை நிமிராமலே, "அவளுக்குக் கீழ்வரிசையில ரெண்டு பல்லு மொளச்சிருந்துச்சு," என்றாள். "வாழப்பழத்த நசுக்கிக் குடுத்தா துப்பிருவா. முழுசாக் கையில குடுக்கணும்."

"கடிச்சிருவாளா?"

"கடிச்சுப்புட்டு, அந்த ரெண்டு பல்லும் பதிஞ்சிருக்கான்னு திருப்பித் திருப்பிப் பாப்பா," என்றாள் ஷாஜியா. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, பிள்ளை எப்படிப் பார்ப்பாள் என்று காட்ட, இல்லாத பழத்தைக் கையில் பிடித்தாள்.